முப்பத்தேழாவது பட்டை

திரையில் மீன் ஒழுங்காகத்தான் நீந்தியது.
தலை முன்னால், வால் பின்னால்,
இடையில் ஒரு நெளிவு,
ஹெல்யே பென்சிலில் வரைந்து கொடுத்த அதே நெளிவு.

டார்ட்டு நகரத்து நடைப்பாலத்தின் அடியில்
மைனஸ் பதினெட்டு.
அங்கே அதே மீனின் வயிற்றிலிருந்து
ஒரு கோடு மட்டும் அறுந்து
எதிர்த்திசையில் போனது.
பாலத்தின் நடுவில் இரண்டும் சந்தித்தன,
ஒரு நொடி முழுமீன்,
பிறகு அது அதன் வழி, இது இதன் வழி.

ஊர்மாஸ் போனில் சொன்னான்:
"உன் மீனை யாரோ அரிந்து வைத்திருக்கிறார்கள்.
குழம்பு எப்போது?"

அன்னெலின்னில், ஐந்தாவது மாடியில்,
ஹீட்டருக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்த நான்
முதலில் என்னைத்தான் சந்தேகித்தேன்.
பூஜ்யத்திலிருந்து எண்ண வேண்டியதை
ஒன்றிலிருந்து எண்ணியிருப்பேன்.
எங்கள் தொழிலின் பாதிப் பாவம் அந்த ஒன்றுதான்.
இல்லை.
பூஜ்யம் அதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நிறமாக இருக்குமோ?
சிவப்பைக் கேட்கும் முன் பச்சையைக் கேட்கிற விளக்குகள் இவை.
அது போன வாரத்துச் சண்டை,
ஆரஞ்சு மீன் ஒரு ராத்திரி முழுக்க
தளிர்ப்பச்சையில் அலைந்து முடித்தாயிற்று.

பட்டைகள் மடங்கி மடங்கிப் போகின்றன.
ஒன்று இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம்,
உழுத மாடு சால் முடிந்து திரும்புகிற மாதிரி.
அந்தத் திருப்பங்களை நான்கு முறை சரிபார்த்தேன்.
ஐந்தாம் முறை கறுப்பு ரொட்டி தின்றேன்.

வேறு வழியில்லை, ஒவ்வொன்றாக ஏற்று.
நாற்பத்தெட்டுப் பட்டை,
ஒவ்வொன்றிலும் முதல் விளக்கு மட்டும்.
திரையில் ஒரு பொட்டு.
பாலத்தடியிலிருந்து "யா".
இங்கத்துக்காரர்கள் மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்கிற யா,
ஒப்புக்கொள்வதற்கும் குளிர்வதற்கும் ஒரே ஒலி.
யா.
யா.
யா.

முப்பத்தேழில் யா வரவில்லை.

"எரிகிறது," என்றான் கொஞ்சம் கழித்து,
"ஆனால் அந்தக் கடைசியில்."
பிறகு ஏணி முனகியது. பிறகு அவன்.
"நவம்பரில் ஒட்டியது. கையுறையோடு.
அம்புக்குறி பனியில் தெரியவில்லை.
கம்பி எட்டாதபோதே எனக்குப் பட்டிருக்க வேண்டும்,
நீளமான கம்பியாக வாங்கி வந்து இணைத்துவிட்டேன்."

உரித்து மறுபடி ஒட்டுகிறேன் என்றான்.
வேண்டாம், இறங்கி வா என்றேன்.
இந்தக் குளிரில் பசை பிடிக்காது, விரலும் பிடிக்காது.

ஒரே ஒரு வரி எழுதினேன்:
முப்பத்தேழைத் திருப்பி அனுப்பு.

பாலத்தில் மீன் கூடியது.
திரையில் மீன் அறுந்தது.

சிரிப்பு வந்தது, மணி இரண்டேகால்.
இத்தனை நாள் சரியாக இருந்ததுதான்
அதன் தப்பு.
யாரும் ஏணியில் நிற்காத,
யாருக்கும் விரல் மரத்துப்போகாத
ஒரு பாலத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.
அதன் கறுப்புகூட வெறும் கறுப்பு;
ஆற்றுப் பனிக்கட்டியோ
கொடுத்த வெளிச்சத்தில் பாதியைத் திருப்பித் தந்தது.

ஆகவே சிமுலேட்டருக்குத் தப்பு செய்யக் கற்றுக்கொடுத்தேன்.
முப்பத்தேழாவது பட்டையைப் பிடுங்கி
தலைகீழாக மாட்டினேன்,
பசை இல்லாமல், ஏணி இல்லாமல்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
"ஊர்மாஸ், நவம்பர், கையுறை."
இருபத்திரண்டாவதில் செத்துப்போன ஒரு விளக்கையும்
அதே இடத்தில் சாகவைத்தேன்.

அறுந்த மீன் ஒரு நொடி கூடியதைப் பற்றி
ஹெல்யேவிடம் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால்
அப்படியே விடு என்றிருப்பாள்,
மறுபடி நான் எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும்.

மார்ச்சில் பட்டைகளைக் கழற்றிச் சுருட்டி
நகராட்சிக் கிடங்கில் போட்டார்கள்.
பாலம் இப்போது பாலம்,
அடியில் தண்ணீர் ஓடுகிறது.
எப்போதாவது
பழைய கோப்பைத் திறந்து மீனை விடுகிறேன்.
முப்பத்தேழைக் கடக்கும்போது
ஒன்றும் ஆவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது.
அந்த இடத்தில் மட்டும் எனக்கு
விரல் நுனி சில்லிடும்.